பாட்டு நன்றாக இல்லை என்று யார் சொல்வது?

ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு "சகிக்கவில்லை" என்று சொல்ல ஒரு விநாடி போதும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அதையே அச்சில் போட்டு, பாடினவரே அடுத்த வாரம் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும்படி செய்வது வேறு விஷயம். அந்தத் தைரியம் தமிழில் எப்போது வந்தது, யாருக்கு வந்தது, அதில் யார் விட்டுப்போனார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மேல்நாட்டு உதாரணத்தை முதலில் பார்த்துவிடுவோம். ராக் ஆல்பங்களை முகத்தில் அடித்த மாதிரி விமர்சிக்கும் பழக்கம் அமெரிக்காவில் 1960-களின் கடைசியில்தான் சூடு பிடித்தது. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை ஆரம்பித்தது 1967-இல். 1970-இல் பாப் டிலன் 'செல்ஃப் போர்ட்ரெய்ட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டபோது, அவரைக் கொண்டாடிய அதே பத்திரிகையில் கிரெய்ல் மார்கஸ் எழுதிய விமர்சனம், இது என்ன கண்றாவி என்று கேட்கிற கெட்ட வார்த்தையோடுதான் ஆரம்பித்தது. ராபர்ட் கிறிஸ்காவ் என்பவர் 1969-இல் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் இன்னும் ஒரு படி மேலே போனார். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஏ, பி, சி என்று கிரேடு போட்டார். அந்தப் பகுதிக்கு அவர் வைத்த பெயர் 'நுகர்வோர் கையேடு' என்ற அர்த்தம் வரும் பெயர். இசை விமர்சனம் இல்லை, கலை ஆராய்ச்சி இல்லை... நுகர்வோர் கையேடு! இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த வேலையைத் தமிழில் ஒருவர் அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே செய்துகொண்டிருந்தார். அவரிடம் போவதற்கு முன்னால் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு நடை போய் வரவேண்டும்.

பாறையில் ஸ்வரம் உண்டு, அபிப்பிராயம் இல்லை

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை. அங்கே மேலைக்கோவில் என்ற குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எழுத்தின் அமைப்பை வைத்து அதை 7-ஆம் நூற்றாண்டு என்று சொல்கிறார்கள். மகேந்திரவர்மப் பல்லவன் வெட்டியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்கள். கல்வெட்டில் அப்படி ஒரு பெயர் இல்லை. ருத்ராசாரியாரின் சீடனான, சிவபக்தனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்றுதான் இருக்கிறது.

கல்வெட்டு முழுக்க ஸ்வரங்கள். ஏழு பிரிவு, ஏழு ராகம். நான்கு நான்கு ஸ்வரமாகக் கோத்து வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். ஒரே ரிஷபத்தை ர, ரி, ரு, ரெ என்று நான்கு விதமாக எழுதியிருக்கிறது. அது சுருதி வித்தியாசமா, வீணையில் தந்தியை மீட்டும் முறையா என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இதே மாவட்டத்துத் திருமயத்திலும் இப்படி ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. பிற்காலத்தில் ஒரு கோவில் தகராறைத் தீர்த்து வைத்த சாசனத்தை அதே இடத்தில் வெட்டியதில் அதன் பெரும்பகுதி போய்விட்டது. சங்கீதத்துக்கு மேல் பஞ்சாயத்து ஏறி உட்கார்ந்த கதை!

1,300 வருஷம் கழித்தும் ஸ்வரம் அப்படியே நிற்கிறது. ஆனால் இதைக் கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள்? தலையாட்டினார்களா, கொட்டாவி விட்டார்களா? பாறையில் அது இல்லை. அரசன் வெட்டிவைத்ததைப் பற்றி மாணவன் அபிப்பிராயம் சொல்லும் வழக்கம் அன்றைக்கு இல்லை (இன்றைக்கு மட்டும் இருக்கிறதா என்ன!).

ரொம்ப காலம் நிலைமை இப்படித்தான் இருந்தது. பாட்டை எடைபோடும் உரிமை சன்மானம் கொடுப்பவர் கையில். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நவராத்திரி வந்தால் அம்மன் காசு விநியோகம், விழா, வித்வான்களுக்கு மரியாதை. மன்னர் சால்வை போர்த்தினால் பாட்டு நன்றாக இருந்தது என்று அர்த்தம். அடுத்த வருஷம் கூப்பிடவில்லை என்றால் நன்றாக இல்லை என்று அர்த்தம். காரணம் சொல்லவேண்டிய அவசியம் கிடையாது, ஏனென்றால் பணம் அவருடையது. ஜனங்கள் ஓசியில் கேட்டார்கள். ஓசியில் கேட்பவனுக்குக் குறை சொல்ல வாய் ஏது?

டிக்கெட் வந்தது, குறை சொல்லும் உரிமையும் வந்தது

மாற்றம் சென்னையில் ஆரம்பித்தது. 1900 வாக்கில் சபாக்கள் முளைத்தன. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்பது என்ற புதிய வழக்கம் வந்தது. கிராமபோன் கம்பெனிக்காரர்கள் 1902-இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவை ஆரம்பித்து, சில வருஷத்தில் தெற்கேயும் வந்துவிட்டார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷ சொச்சம் பாடும் தட்டு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே நடந்த சங்கீத மாநாட்டின் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது.

இப்போது மன்னருடைய இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்? ஒன்றரை ரூபாயோ எட்டணாவோ கொடுத்து வந்த குமாஸ்தா. அவருக்கு ஒரு கேள்வி எழும்: கொடுத்த காசுக்கு இது தகுமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் விமர்சகர் என்ற ஆள் தேவைப்பட்டார். இசை விமர்சனம் சங்கீத ஞானத்திலிருந்து பிறக்கவில்லை, டிக்கெட்டிலிருந்து பிறந்தது. வித்வான்களுக்கு இது பிடிக்காது. ஆனால் வரலாறு அப்படித்தான்.

ஆங்கிலத்தில் இ. கிருஷ்ண ஐயர் 1933-இல் அந்தக் காலத்து வித்வான்கள், விதுஷிகளைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். வக்கீல், சுதந்திரப் போராட்டக்காரர், சதிராட்டத்துக்காகத் தானே வேஷம் கட்டி ஆடியவர். தமிழில் அந்த இடத்தைப் பிடித்தவர் கல்கி.

"கர்நாடகம்" என்ற பெயரில் ஒரு வால்டேர் வேட்டு

ரா. கிருஷ்ணமூர்த்தி, 1899-இல் மாயவரம் பக்கத்தில் புத்தமங்கலத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒத்துழையாமை இயக்கத்தில் குதித்தார். ஜெயிலுக்குப் போனார். திரு.வி.க.வின் 'நவசக்தி', ராஜாஜியின் 'விமோசனம்' என்று சுற்றிவிட்டு 1930-களின் தொடக்கத்தில் 'ஆனந்த விகடன்' வந்து சேர்ந்தார். அங்கே 'ஆடல் பாடல்' என்ற பகுதியை எழுத ஆரம்பித்தார். அதற்கு வைத்துக்கொண்ட புனைபெயர் 'கர்நாடகம்'.

இந்தப் பெயரிலேயே குறும்பு இருக்கிறது. கர்நாடகம் என்றால் சங்கீதம்; 'அவன் ஒரு கர்நாடகம்' என்றால் பத்தாம்பசலி. தன்னையே கிண்டல் செய்துகொண்டு ஆரம்பிக்கிறவர் அடுத்தவரைக் கிண்டல் செய்தால் யார் என்ன சொல்ல முடியும்?

கல்கி செய்த புதுமை, கச்சேரியைக் கேட்பவனின் நாற்காலியிலிருந்து எழுதியது. ராக லட்சணம், மேளகர்த்தா நம்பர் என்று பயமுறுத்தவில்லை. சங்கீதம் தெரியாதவரும் சிரித்துக்கொண்டே படிக்கலாம். வித்வானைப் பிடித்திருந்தால் தலையில் வைத்துக் கொண்டாடுவார். பிடிக்கவில்லை என்றால் வாழைப்பழத்தில் ஊசி. கச்சேரி பக்கமே எட்டிப்பார்க்காத ஊர்களில்கூட வாராவாரம் விகடன் வழியாகக் கச்சேரி நடந்தது.

அவர் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு கேள்விதான் பெரிய வெடியாக வெடித்தது. தமிழ்நாட்டு மேடையில், தமிழ் ஜனங்கள் முன்னால், தமிழ்ப் பாட்டு ஏன் கடைசியில் துக்கடாவாக மட்டும் வருகிறது? கீர்த்தனையின் அர்த்தம் புரியாமல் எவ்வளவு நேரம் தலையாட்டுவது? கானாடுகாத்தான்காரரான ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1941-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூட்டினார். மியூசிக் அகாடமி அந்த வருஷக் கடைசியில், பாஷையைக் காரணம் காட்டி சங்கீதத்தின் தரத்தைக் குறைக்கக்கூடாது என்ற கருத்தில் தீர்மானம் போட்டது. கல்கியும் டி.கே. சிதம்பரநாத முதலியாரும் தமிழிசைப் பக்கம் நின்று எழுதினார்கள், பேசினார்கள். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? கூட்டத்தில் ஒருவனாக உட்கார்ந்திருந்தவன் "எனக்குப் புரியவில்லை" என்று வெளிப்படையாகச் சொன்னான். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு அகாடமியே தீர்மானம் போட்டுப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வெறும் ரசிகனின் அபிப்பிராயத்துக்கு இருக்கும் பலம் அது.

கணக்கு எங்கே இடிக்கிறது?

ஆனால் கல்கியைக் கோவில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. வரவு செலவு பார்த்தால் சில இடங்கள் இடிக்கும்.

விகடன் முதலாளி எஸ்.எஸ். வாசன் வியாபாரத்தில் புலி. 1939-இல் கல்கியின் 'தியாகபூமி' தொடர்கதையாக விகடனில் வந்தபோதே கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். ஓவியம் வரைவதற்குப் பதிலாகப் படத்தின் ஸ்டில்களே கதையோடு வந்தன. கதையும் விளம்பரமும் ஒரே பக்கத்தில்! வாசன் பிறகு ஜெமினி ஸ்டூடியோவுக்கே சொந்தக்காரர் ஆனார். படம் எடுப்பவரின் பத்திரிகை படத்தைப் பற்றி எழுதினால் எத்தனை சதவீதம் நம்புவது?

கல்கி 1941-இல் விகடனை விட்டு வந்து, டி. சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். சதாசிவம் 1940-இல் எம்.எஸ். சுப்புலட்சுமியைத் திருமணம் செய்துகொண்டவர். 'கல்கி' தொடங்கப் பணம் எங்கிருந்து வந்தது? 'சாவித்திரி' (1941) படத்தில் எம்.எஸ். நாரதராக வேஷம் கட்டி நடித்த சம்பளம்தான் முதலீடு. 1945-இல் வந்த 'மீரா' படத்துக்கு, ஊர் முழுக்க முணுமுணுத்த 'காற்றினிலே வரும் கீதம்' உட்படப் பாட்டு எழுதியதும் கல்கிதான்.

எம்.எஸ். மகா பாடகி, அதில் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. கல்கி அவரைப் புகழ்ந்ததில் பொய்யும் இருந்திருக்காது. ஆனால் விமர்சகர், பத்திரிகை முதலாளி, பாடகி மூவரும் ஒரே கல்லாப்பெட்டியைச் சுற்றி நிற்கும்போது அந்தப் புகழ்ச்சிக்கு ரசிகன் கொடுக்கும் விலை கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆடிட்டர் பாஷையில் சொன்னால், கணக்கு சரியாகவே இருக்கலாம், ஆனால் கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்யக்கூடாது.

இடது கைக்காரரும் புதுக்கோட்டைத் தாளமும்

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. அது கல்கி ஒருவரின் குறை அல்ல, தமிழ் இசை விமர்சனத்தின் குறை. அதற்கு மறுபடி புதுக்கோட்டைக்கு வரவேண்டும்.

கஞ்சிரா என்பது உடும்புத் தோல் போர்த்திய ஒரு சின்ன வட்டம். பஜனையில் தட்டிக்கொண்டிருந்த அந்த வாத்தியத்தைக் கச்சேரி மேடையில் ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை (மாமுண்டியா பிள்ளை என்றும் சொல்வார்கள்). அவருடைய கணக்கு வழக்குகள்தான் 'புதுக்கோட்டை பாணி' என்று இன்றைக்கும் லயக்காரர்கள் மரியாதையோடு சொல்லும் பள்ளி. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875-1936), கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் கொடிகட்டியவர். இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. முத்தையா பிள்ளையின் மகன் பழனி சுப்ரமணிய பிள்ளை (1908-1962).

மான்பூண்டியா பிள்ளை 1922-இல் காலமானார். மின்சார ஒலிப்பதிவு வந்தது 1925-இல். அதற்கு முந்தைய முறையில் ஒரு கூம்புக் குழலுக்கு முன்னால் நின்று கத்திப் பாடவேண்டும். பாடகர் குரல் பதியும், தோல் வாத்தியத்தின் கனமான நாதம் பதியாது. மூன்று நிமிஷத் தட்டில் தனி ஆவர்த்தனத்துக்கும் இடம் கிடையாது. ஆகவே அவர் எவ்வளவு பெரியவர் என்பது கேட்டவர்கள் சொன்ன வார்த்தையில்தான் பிழைத்திருக்கிறது. குடுமியான்மலையில் ஸ்வரம் இருக்கிறது, அபிப்பிராயம் இல்லை. மான்பூண்டியா பிள்ளை விஷயத்தில் அபிப்பிராயம் இருக்கிறது, சத்தம் இல்லை. அந்த வார்த்தைகளும் இல்லாமல் போயிருந்தால் அந்த ஆளே இல்லை! விமர்சனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் பத்திரிகை விமர்சனம் தாளத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்தது? பழைய கச்சேரி விமர்சனம் எதையாவது எடுத்துப் பாருங்கள். பாடகருக்கு முக்கால் பத்தி. வயலினுக்கு இரண்டு வரி. கடைசியில் "மிருதங்கம் அனுசரணையாக இருந்தது." முற்றுப்புள்ளி. தனி ஆவர்த்தனம் என்றால் கேன்டீனுக்குப் போய்க் காபி குடிக்கும் நேரம் என்று ரசிகர்கள் வைத்திருந்தார்கள். விமர்சகரும் ரசிகர்தானே, அவரும் எழுந்து போயிருப்பார்.

பழனி சுப்ரமணிய பிள்ளைக்கு இன்னொரு இடைஞ்சல். அவர் இடது கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்கவேண்டும். இடது கைக்காரர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தால் அது சபைக்கு மறுபக்கம் திரும்பிவிடும். ஆகவே அவர் எதிர்ப்பக்கம் உட்காரவேண்டும், வயலின்காரர் தன் இடத்தை விட்டுக்கொடுத்து இந்தப் பக்கம் வரவேண்டும். இது ஒரு சின்ன நாற்காலிப் பிரச்சினை. ஆனால் இதற்காகவே அவரைப் பக்கவாத்தியத்துக்கு வைத்துக்கொள்ளத் தயங்கினார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர்தான் பிடிவாதமாக அவரைத் தன் மேடையில் ஏற்றினார். ஒரு பாகவதரின் பிடிவாதம் செய்ததைப் பத்திரிகைகளின் பேனா செய்திருக்கலாம். வாசிப்பைக் காதால் எடைபோடாமல் கண்ணால் எடைபோட்டவர்களை நாலு கேள்வி கேட்டிருக்கலாம். வெளிப்படையாகப் பேசுவது என்றால் அதுவும் சேர்த்துத்தான்.

அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் ஒரு மிருதங்க வித்வானுக்கு முதன்முதலில் கிடைத்தது 1966-இல், பாலக்காடு மணி ஐயருக்கு. பழனி 1962-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அபிப்பிராயம் உத்தரவாக மாறினால்...

விமர்சகரின் அபிப்பிராயத்தை ஏற்கலாம், தூக்கிப் போடலாம். அரசாங்கமே விமர்சகர் ஆனால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது.

1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக பி.வி. கேஸ்கர் வந்தார். சினிமாப் பாட்டு மட்டமானது என்பது அவருடைய அபிப்பிராயம். அதைப் பத்திரிகையில் எழுதியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்டார். திருச்சி நிலையம் 1939-இலிருந்து ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த புதுக்கோட்டை வட்டாரம் என்ன செய்தது? எல்லாரும் செய்ததைத்தான். குமிழைத் திருப்பி இலங்கை வானொலி வைத்தார்கள். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எல்லாம் பாக் நீரிணைக் கரையில் இருக்கும் ஊர்கள். எதிர்க்கரையிலிருந்து வரும் பாட்டுக்கு டெல்லியின் அனுமதி தேவையா? கடைசியில் அரசாங்கமே இறங்கி வந்து 1957 அக்டோபரில் விவித் பாரதியை ஆரம்பித்தது.

சந்தையில் ஒரு சரக்கைத் தடுத்தால் அது பக்கத்துக் கடையில் கிடைக்கும். பொருளாதாரத்தின் முதல் பாடம் இது. மட்டமான பாட்டு என்று நினைத்தால் ஏன் மட்டம் என்று சொல்லிக் காட்டவேண்டும். சொல்லிப் புரியவைக்க முடியாதவர்கள்தான் ஸ்விட்சை அணைப்பார்கள்.

சுப்புடு என்றால் பயம்

கல்கி 1954-இல் மறைந்தார். அதற்குப் பிறகு அந்தக் காரத்தைக் கையில் எடுத்தவர் சுப்புடு என்ற பி.வி. சுப்பிரமணியம் (1917-2007). பர்மாவில் வளர்ந்து, உலகப் போர் சமயத்தில் அங்கிருந்து தப்பி வந்தவர். டெல்லியில் மத்திய அரசு வேலை. சாயங்காலம் ஆனால் கச்சேரி, நாட்டியம். ஆங்கிலத்தில் 'ஸ்டேட்ஸ்மன்', தமிழில் பல பத்திரிகைகள். ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர், ஆகவே "உனக்கென்ன தெரியும்" என்று அவரை அடக்க முடியாது.

அவருக்குப் பெரிய பெயர், சின்னப் பெயர் என்ற பேதம் கிடையாது. டிசம்பர் சீசனில் அவர் வந்து உட்கார்ந்தால் மேடையில் இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். இத்தனைக்கும் அவருக்குச் சோறு போட்டது சங்கீதம் இல்லை, அரசாங்கச் சம்பளம். சபா செயலாளரின் தயவோ, வித்வானின் தயவோ தேவையில்லை. கல்கியின் கணக்கில் இடித்த இடம் சுப்புடுவின் கணக்கில் இடிக்கவில்லை. அமெரிக்காவில் லெஸ்டர் பேங்ஸ் என்ற ராக் விமர்சகரை இசைக்கலைஞர்களுக்கு மரியாதை கொடுக்கவில்லை என்று சொல்லி 'ரோலிங் ஸ்டோன்' 1973-இல் விலக்கியது. சுப்புடுவை ஒரு பத்திரிகை விலக்கினாலும் முதல் தேதி சம்பளம் வந்துவிடும். நாக்கு நேராக இருக்க வேண்டும் என்றால் வயிறு வேறு இடத்தில் நிரம்ப வேண்டும் போலிருக்கிறது.

அவருடைய குறையும் தெரிந்ததுதான். சில நேரம் சிலேடைக்காகவே ஆளைக் குத்துவார். படிப்பவன் சிரிப்பான், பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது. திட்டு ருசியாக இருந்தால் விஷயம் கரைந்துபோகும்.

திருப்பெருந்துறையிலிருந்து புடாபெஸ்டுக்கு

கடைசியாக ஓர் ஆல்பம். அதுவும் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேர் உள்ள ஆல்பம்.

பாண்டிய மன்னனின் அமைச்சர் ஒருவர் குதிரை வாங்க கஜானாப் பணத்தோடு புறப்பட்டு வந்தார். வழியில் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டார். பணம் முழுவதையும் கோவிலுக்கே செலவழித்துவிட்டார். இன்றைக்கு என்றால் பெரிய ஆடிட் அப்ஜெக்‌ஷன்! அவர்தான் மாணிக்கவாசகர். திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோவில், அறந்தாங்கிக்குப் பக்கம். திருவாசகம் உருகி வந்த மண் அது. ஜி.யு. போப் 1900-இல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

2005-இல் இளையராஜா அந்தத் திருவாசகத்தில் சில பகுதிகளை எடுத்து, ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து ஆல்பமாக வெளியிட்டார். 1986-இலேயே 'ஹவ் டு நேம் இட்' என்ற ஆல்பத்தில் தியாகராஜரையும் பாக்கையும் ஒரே பாயில் உட்காரவைத்தவர் அவர். திருவாசகம் வந்ததும் தமிழ்கூறும் நல்லுலகம் இரண்டாகப் பிரிந்தது. இது சிம்பொனியா, ஆரட்டோரியோவா? ஓதுவார் பாடும் பண்ணை விட்டுவிட்டு மேல்நாட்டுக் குழுவோடு பாடலாமா? இடையில் ஆங்கில வரிகள் எதற்கு? இதற்கு இவ்வளவு பணமும் விழாவும் வேண்டுமா? ஒரு பக்கம் ஒரு குறையும் சொல்லக்கூடாது என்ற பக்தர்கள். மறுபக்கம் கேட்காமலே தீர்ப்பு சொன்னவர்கள்.

அந்தச் சண்டையில் ஒன்றைக் கவனிக்கலாம். சிம்பொனி என்ற வார்த்தைக்கு இலக்கணம் தேடியவர்கள் அதிகம். கேட்டு எழுதியவர்கள் குறைவு. கோரஸ் தமிழ் உச்சரிப்பு எப்படி? முதல் பாட்டில் குழுவின் பிரம்மாண்டம் வரிகளைத் தூக்குகிறதா, அமுக்குகிறதா? தனிக்குரலில் உருகும் இடத்தில் கண்ணில் நீர் வந்ததா இல்லையா? கர்நாடகம் என்ற பெயரில் ஒருவர் 1930-களில் கேட்ட கேள்விகள் இவைதான். அதைக் கேட்க இலக்கணம் வேண்டாம், காது போதும்.

ஒரு மணி நேரம் கூட ஓடாத ஆல்பம். அதை இரண்டு முறை முழுக்கக் கேட்டுவிட்டு "இந்த இடம் பிரமாதம், இந்த இடம் இழுவை" என்று எழுதினால் அது இளையராஜாவுக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. கேட்காமல் கும்பிடுவதும் கேட்காமல் திட்டுவதும்தான் அவமரியாதை.

ஆக மொத்தம்...

பாட்டு நன்றாக இல்லை என்று யார் சொல்லலாம்? மன்னர் சொன்னார், காரணம் சொல்லவில்லை. அமைச்சர் சொன்னார், ஸ்விட்சை அணைத்தார். கல்கி சொன்னார், நாடே விவாதித்தது. ஆனால் சொந்தக் கடைச் சரக்கு வந்தபோது தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். சுப்புடு சொன்னார், யாருக்கும் கடன்படாமல் சொன்னார். சில நேரம் பாட்டை மறந்து ஆளைச் சொன்னார்.

பாட்டுக்காகத் தன் காசையோ நேரத்தையோ கொடுத்த எவனுக்கும் அந்த உரிமை உண்டு. கிறிஸ்காவ் வைத்த பெயர்தான் சரி, அது ஒரு நுகர்வோர் கையேடு. அதைப் படித்து அடுத்தவன் தன் காசை எங்கே போடுவது என்று முடிவு செய்கிறான். அவனை ஏமாற்றக்கூடாது என்ற ஒரு நேர்மை இருந்தால் போதும். சங்கீத ஞானம் கூடுதல் தகுதி, அவ்வளவே.

ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை கச்சேரியைப் பற்றியோ ஆல்பத்தைப் பற்றியோ எழுதும்போது கடைசி வரியில் "தாளம் அனுசரணையாக இருந்தது" என்று முடிக்காமல், தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டு, அதுவும் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று வெளிப்படையாக நாலு வரி எழுதுங்கள். புதுக்கோட்டைக்கு அந்த பாக்கி ரொம்ப நாளாக நிற்கிறது.